கணினி ஆயாவின் பதில்கள்: கொடிவழி வரையும் தம்பிக்குக் கூட்டாளி எங்கே?

இந்த மாதம் தபாலிலும் மின்னஞ்சலிலும் பதினொரு கேள்விகள் வந்தன. நான்கைத்தான் எடுத்திருக்கிறேன், முதல் பதிலே பக்கத்தை விழுங்கிவிட்டது. அச்சுப்பொறியில் மை காய்ந்துபோகிறது என்று எழுதிய மூவரும் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவரை வாரம் ஒரு பக்கமாவது அச்சிட்டுக்கொண்டிருங்கள், காயாது.

கேள்வி: ஆயா, எனக்கு வயது 31. டர்பனில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறேன். கடந்த 14 மாதங்களாக, இரவில் உட்கார்ந்து, ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த நம் முன்னோர்களின் வம்சாவளியை வரையும் மென்பொருள் ஒன்றைப் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதி வருகிறேன். அலுவலக நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். உறவினர்களிடம் சொன்னால், 'எங்கள் தாத்தா வந்த கப்பல் எது, கண்டுபிடித்துக் கொடு' என்கிறார்கள். நிரலைப் பற்றிப் பேச ஆளே இல்லை. இந்த வேலை செய்கிறவர்கள் இணையத்தில் கூடும் இடம் எது? அங்கே போனால் என்னை மதிப்பார்களா? (ஆங்கிலத்தில் வந்த கடிதம், தமிழாக்கம் என்னுடையது.)
– டோங்காட் வாசகர்

பதில்: தம்பி, கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். 1991-இல் நான் செய்த காரியத்தை, அதே ராத்திரி வேளையில், அதே தனிமையில் நீங்களும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அப்போது நான் ஒரு சர்க்கரை ஆலையின் சம்பளக் கணக்கை கோபால் மொழியில் எழுதிக்கொண்டிருந்தேன். சாட்ஸ்வர்த்தில் எங்கள் சமையலறை மேசையில் ஒரு பழைய கணினி. அதில் டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருள். பிள்ளைகள் தூங்கிய பிறகு குடும்ப வரலாற்றுக்கென்று ஒரு நிரல் எழுதினேன். பெயருக்கு 20 எழுத்து, குடும்பப் பெயருக்கு 15 எழுத்து, குடும்பப் பெயர் காலியாக இருக்கக் கூடாது. சம்பளப் பட்டியலில் பழகிய கை, அப்படித்தான் விதி போடும்.

முதலில் ஏற்ற நினைத்தது என் கொள்ளுப்பாட்டியை. கப்பல் பட்டியலில் அவளுக்கு என்ன இருந்தது? ஓர் எண், ஒரு பெயர், தகப்பன் பெயர், வயது 22, ஜில்லா வட ஆற்காடு, இடது கணுக்காலில் தழும்பு. குடும்பப் பெயர் என்று ஒன்று அவளுக்கு வாழ்நாளில் கிடையாது. நான் எழுதிய நிரல் என் கொள்ளுப்பாட்டியையே வாசலில் நிறுத்திவிட்டது. கடைசியில் அந்தக் கட்டத்தில் கணவர் பெயரைப் போட்டு உள்ளே விட்டேன். அந்தப் பொய்யின் மேல் 412 பேரை ஏற்றினேன். 1998-இல் வன்தட்டு போயிற்று. மிச்சம் இருந்தது டாட் மேட்ரிக்ஸ் அச்சுத்தாள் ஒரு கட்டு. அதிலும் பாதியை என் தங்கை அலமாரித் தட்டுகளில் விரித்துவிட்டாள். மீதிப் பாதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஒரே ஓர் ஆள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருந்தால், 'குடும்பப் பெயர் ஏன் கட்டாயம்?' என்று ஐந்தாவது நிமிடத்தில் கேட்டிருப்பார். கூட்டாளி தேவைப்படுவது இதற்குத்தான். பாராட்ட ஆள் வேண்டும் என்றால் அம்மாவிடம் காட்டினால் போதும்.

இனி உங்கள் கேள்வி. கூடும் இடம் என்று தனியாக ஒன்றைத் தேடி அலையாதீர்கள். வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். பேச்சும் அங்கேதான் நடக்கிறது. பைத்தானில் எழுதுகிறவருக்கு முதல் வாசல் கிராம்ப்ஸ். 2001 முதல் வளர்ந்துவரும் திறந்தமூல வம்சாவளி மென்பொருள். யார் எந்த வரியை ஏன் மாற்றினார்கள் என்பது முழுவதும் வெளியில் கிடக்கிறது. ஒரு மாதம் அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். ஒரு செய்தி உங்களுக்கு வலிக்கலாம்: நீங்கள் 14 மாதம் எழுதியதில் பெரும்பகுதி அதில் ஏற்கெனவே இருக்கும். குடும்பப் பெயரின் மூலம் எது, தகப்பன் பெயரா பரம்பரைப் பெயரா என்று குறிக்கும் வசதிகூட உண்டு. 1991-இல் என்னிடம் அது இருந்திருந்தால் கொள்ளுப்பாட்டி தலைநிமிர்ந்து உள்ளே வந்திருப்பாள். ஓர் ஊர் எந்தக் காலத்தில் எந்த மாவட்டத்தின் கீழ் இருந்தது என்று தேதியோடு பதியலாம். நமக்கு அது உயிர்நாடி. பட்டியலில் வட ஆற்காடு என்று இருக்கும் ஊர் இன்று வேலூரில் இருக்கலாம், திருவண்ணாமலையில் இருக்கலாம், ராணிப்பேட்டையில் இருக்கலாம். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்ததால் ஆந்திராவிலும் இருக்கலாம்.

இணையதளமாகவே ஓட வேண்டும் என்றால் வெப்ட்ரீஸ், பிஎச்பி மொழி, 2010-இல் பிஎச்பிஜெட்வியூ என்பதிலிருந்து கிளைத்தது. பிரெஞ்சுக்காரர்களின் ஜீன்வெப் ஓகேமல் மொழியில் எழுதப்பட்டது; அந்த மொழி தெரியாவிட்டாலும் உறவு முறையைக் கணக்கிடும் பகுதியைப் படித்துப் பாருங்கள். ரூட்ஸ்டெவ் என்ற பெயரில் வம்சாவளி நிரலாளர்கள் சிலர் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கிறார்கள். சால்ட் லேக் சிட்டியில் 2011 முதல் நடக்கும் ரூட்ஸ்டெக் வம்சாவளி மாநாட்டை வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் அங்கே விற்பவர்கள் கூட்டம் அதிகம், எழுதுகிறவர்கள் குறைவு.

மதிப்பார்களா என்று கேட்டீர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் ஒரு திறந்தமூலத் திட்டத்தின் வாசலில் போய் நின்றேன். பெயர் வேண்டாம். 'ஒப்பந்தத் தொழிலாளர் வழிவந்த இந்தியர்களுக்காகப் புதுமையான மென்பொருள் ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறேன், இணைந்து பணியாற்ற அனைவரையும் அன்புடன் அழைக்கிறேன்' என்று இரண்டு பக்கம் எழுதினேன். கல்யாணப் பத்திரிகை போலவே இருந்தது. மொய் எழுத ஒருவரும் வரவில்லை. மூன்று வாரம் தினமும் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு வரி இல்லை.

பிறகு ஒரு நாள் என் பெரியம்மா குடும்பத்தை அதே மென்பொருளில் ஏற்றினேன். பெரியம்மா தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். மென்பொருள் என்ன செய்தது தெரியுமா? மூதாதையிடமிருந்து படி எண்ணிக்கொண்டே வந்து, மாமாவை இரண்டாம் வரிசையிலும் பெரியம்மாவை மூன்றாம் வரிசையிலும் வைத்தது. திருமணக் கோடு குறுக்கே போய் இன்னொரு சித்தப்பாவின் தலையில் ஏறிற்று. பெரியம்மாவின் பாட்டி படத்தில் இரண்டு முறை வந்தாள். கூடவே, தரவில் பிழை இருக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை வேறு!

ஒன்பது பேர் மட்டும் உள்ள சின்னக் கோப்பு ஒன்று தயாரித்தேன். பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு அ, ஆ, இ என்று வைத்தேன். 'இதைத் திறந்தால் இப்படி வருகிறது, இப்படி வந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் இது பிழையான தரவு கிடையாது, வழக்கமான கல்யாணம்' என்று ஆறு வரி எழுதிப் போட்டேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் நான்கு பேர் பதில் எழுதிவிட்டார்கள். அதில் ஒருவர் ஐரோப்பிய அரச வம்சங்களை வரைகிறவர். ஹாப்ஸ்பர்க் குலத்து ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் 1570-இல் மணந்தது தன் உடன்பிறந்தாள் மகளை. அவர் பேரன் நான்காம் பிலிப்பும் 1649-இல் அதையே செய்தார். ஆகவே உங்கள் பெரியம்மாவின் தலைவலிதான் என் தலைவலியும் என்றார். ஹாப்ஸ்பர்க் அரண்மனையும் எங்கள் சாட்ஸ்வர்த் வீடும் ஒரே பிழை அறிக்கையில் சேர்ந்தது அன்றுதான்.

அவர்கள் இதை மரம் என்றே நினைத்து வரைகிறார்கள். மரத்தில் கிளை பிரியும், பிரிந்தது மறுபடி ஒட்டாது. நம்மவர்கள் வைத்த பெயர் கொடிவழி. கொடி சுற்றும், பின்னும், புறப்பட்ட பந்தல்காலுக்கே திரும்பி வரும். நிரலாளர் பாஷையில் சொன்னால், உங்கள் தரவு அமைப்பு சுழற்சியில்லாத திசைக்கோட்டுரு: ஒரே மூதாதையிடம் இரண்டு வழியில் போய்ச் சேரலாம், ஆனால் யாரும் தனக்கே மூதாதை ஆக முடியாது. அதை மரமாக வைத்திருந்தால் இன்றிரவே மாற்றுங்கள்.

ஆகவே வாசலில் நின்று 'மென்பொருள் செய்திருக்கிறேன்' என்று சொல்லாதீர்கள். உலகத்தில் எல்லோரும் ஒன்று செய்திருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாத ஒரு சிக்கலை, கையில் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்கி, எடுத்துக்கொண்டு போங்கள். நம்மிடம் சிக்கலுக்கா பஞ்சம்? பெயர் ஒன்று போதும், பத்து வருட வேலை இருக்கிறது.

சவுண்டெக்ஸ் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-இல் காப்புரிமை வாங்கிய முறை. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்களை மூன்று எண்களாக்குவது. எண் ஒன்றாக இருந்தால் பெயரும் ஒன்றாக இருக்கலாம் என்று தேடல் சொல்லும். நம் பெயர்களை அதில் போட்டுப் பாருங்கள். நாயுடுவை எப்படி எழுதினாலும் என்-300, தப்பித்துவிடுவார். பிள்ளைக்கும் தொல்லை இல்லை. கவுண்டர் மாட்டிக்கொள்வார். நேட்டாலில் அவர் கோவெண்டர் ஆனார் அல்லவா? கோவெண்டருக்கு ஜி-153 வரும், கவுண்டர் என்று எழுதினால் ஜி-536. ஒரு வீட்டு அண்ணனும் தம்பியும் இரண்டு எண்ணில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். முதலியார் இங்கே மூட்லி ஆனார். மூட்லிக்கு எம்-340, முதலியாருக்கு எம்-346. சின்னசாமியை ஒரு குமாஸ்தா சி போட்டு எழுதினார், அடுத்த கப்பல் குமாஸ்தா எஸ் போட்டு எழுதினார். எண் 525 இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் முதல் எழுத்து வேறு, ஆகவே தேடல் கைவிரித்துவிடும். எங்கள் வீட்டுப் படையாச்சியை ஒரு தாளில் 'ச்சி'க்கு முன்னால் ஒரு டி (T) எழுத்தோடும் இன்னொரு தாளில் அது இல்லாமலும் எழுதியிருக்கிறார்கள். பி-332, பி-320. இப்படித்தான் என் தாத்தாவின் அண்ணன் எனக்கு இருபது வருடம் அகப்படாமல் இருந்தார்.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. அவர்கள் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. 1985-இல் டேய்ச், மொகோடாஃப் என்ற இருவர் தங்கள் பெயர்களுக்கென்றே ஓர் ஒலிக்குறி முறையைச் செய்தார்கள். இன்று பல வம்சாவளி மென்பொருள்களில் அது இருக்கிறது. நமக்கு யார் செய்வது?

இந்த இடத்தில் என் பைத்தியக்கார யோசனை ஒன்றைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்துக்கு நமக்கு ஒரே எழுத்து. கே-யும் ஜி-யும் அதில் அடங்கிவிடும். சகரம் சி-யையும் எஸ்-ஸையும் வாங்கிக்கொள்ளும், பகரம் பி இரண்டையும். தமிழ் எழுத்தே ஒரு சவுண்டெக்ஸ்! ஆங்கிலத்தில் இருக்கும் பெயரை முதலில் தமிழ் எழுத்துக்கு மாற்றுங்கள். பிறகு ண, ந, ன மூன்றையும் ஒன்றாக்குங்கள். ல, ள, ழ ஒன்று. ர, ற ஒன்று. ட, த ஒன்று. உயிர்களை உதிர்த்துவிடுங்கள். கவுண்டர் க-வ-ன-ட-ர ஆகும். கோவெண்டரும் க-வ-ன-ட-ர. அண்ணன் தம்பி ஒரே திண்ணையில்! ஆங்கிலத்தில் 'ஓயூ' என்று வரும் இடத்தை 'வு' ஆக்கும் விதி ஒன்று வேண்டும், அது உங்கள் பாடு. முதலியாரும் மூட்லியும் இதிலும் சேர மாட்டார்கள், கடைசி யகரமும் ரகரமும் தொங்கிக்கொண்டு நிற்கும். மரியாதை விகுதிக்கு என்று ஒரு தனி விதி எழுதிப் பாருங்கள். 200 பெயர் இணைகளைப் பட்டியலிட்டு, எத்தனை சேர்கின்றன, எத்தனை தவறாகச் சேர்கின்றன என்று எண்ணிக்கையோடு கொண்டுபோய் வையுங்கள். மதிப்பார்களா என்று அப்புறம் கேட்க மாட்டீர்கள்.

கெட்காம் பற்றி ஒரு வார்த்தை. வம்சாவளித் தரவை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் கோப்பு வடிவம் அது. உங்கள் மென்பொருள் அதில் எழுதவும் படிக்கவும் தெரியாததாக இருந்தால் நாளைக்கே கற்றுக்கொடுங்கள். என் 412 பேர் அலமாரித் தட்டில் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அதுதான். 1984-இல் மார்மன் சபையினர் தொடங்கிய வடிவம். 5.5.1 பதிப்பு 1999-இல் வரைவாக வந்து, 2019-இல்தான் வரைவு என்ற சொல்லை உதிர்த்தது. இருபது வருடம் மணமேடையிலேயே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை. 2021-இல் வந்த 7.0 பதிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 தவிர வேறு குறியாக்கம் கிடையாது, தமிழ் எழுத்து பத்திரமாக இருக்கும். ஒரு பெயருக்குக் கீழேயே அதன் வேற்றுமொழி வடிவத்தை, மொழி இன்னதென்ற குறிப்போடு வைக்கலாம். கல்கத்தாவிலிருந்து வந்தவர்கள் ஜஹாஜி பாய் என்பார்களே, ஒரே கப்பலில் வந்த உறவு, அதையும் இருவருக்கிடையே பதிய இடமுண்டு. வேண்டியது இல்லாவிட்டால் அடிக்கோட்டில் தொடங்கும் சொந்தக் குறியும் வைத்துக்கொள்ளலாம். அதன் விதிநூல், நிரலாளர்கள் நிரலைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் திறந்து கிடக்கிறது. ஐயம் இருந்தால் அங்கேயே எழுப்பலாம். எழுதியவர்களே பதில் சொல்கிறார்கள்.

அக்கம்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியதிலிருந்து 1911 வரை இங்கே வந்தவர்கள் 1,52,184 பேர், ஆளுக்கு ஓர் எண். மொரீஷியஸுக்கு வந்தவர்களுக்கும் ஆளுக்கு ஓர் எண். அந்தப் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படத்தோடு. ரியூனியனில் பிரெஞ்சில் எழுதிய பதிவேடுகள். சுரினாமுக்கு 1873 முதல் 1916 வரை போனவர்களின் பட்டியலை நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் யாரும் தேடலாம். எல்லா இடத்திலும் அதே பத்திகள்: எண், பெயர், தகப்பன், வயது, ஊர், கப்பல். ஆகவே வெறும் எண்ணை முதன்மைச் சாவியாக வைத்துவிடாதீர்கள், காலனியையும் சேர்த்து வையுங்கள். இல்லையென்றால் நேட்டாலின் 5,000-ஆம் ஆள் மொரீஷியஸின் 5,000-ஆம் ஆளோடு ஒரே வீட்டில் குடியேறிவிடுவார். போர்ட் லூயியிலும் செயின்ட் டெனியிலும் உங்கள் வயதுப் பிள்ளைகள் இதே தலைவலியோடு உட்கார்ந்திருப்பார்கள். மணி வித்தியாசமும் இரண்டே மணி நேரம். மின்வெட்டு மட்டும் நமக்கு உபரி.

உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்த தேதி எதையும் சோதனைக் கோப்பில் வைத்து வெளியே அனுப்பாதீர்கள். வீட்டு உபயோகத்துக்கு எழுதி வைப்பது வேறு, ஊருக்கு நடுவே போடுவது வேறு. 2021 ஜூலை 1 முதல் இந்த நாட்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பல்லோடு இருக்கிறது. சட்டத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு: அத்தை தன் வயதை யாருக்கும் சொன்னதில்லை.

கேள்வி: கப்பல் பட்டியலில் சாதி என்று ஒரு பத்தி இருக்கிறது. வம்சாவளியில் அதை ஏற்றலாமா? என் மகள் கூடாது என்கிறாள், என் கணவர் உள்ளதை மறைக்கக் கூடாது என்கிறார்.
– ஃபீனிக்ஸ் வாசகி

பதில்: இருவரும் சரி. கெட்காமில் சாதிக்கென்றே ஒரு குறி இருக்கிறது, ஆளுக்கு ஒட்டும் அடையாளமாக. அதைத் தொடாதீர்கள். சென்னைத் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா கேட்டார், பயந்துபோன ஒருவர் ஏதோ சொன்னார், குமாஸ்தா தனக்குப் புரிந்ததை எழுதினார். கப்பலில் இடம் கிடைக்க மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, பழையதைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும் என்று மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. ஆகவே அது ஆளைப் பற்றிய உண்மை ஆகாது. தாளில் எழுதியிருப்பது, அவ்வளவுதான். தாளின் படியெடுப்பில் ஓர் எழுத்து விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஆளின் பெயருக்குக் கீழே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவருக்கு இன்னொன்று: மூட்லி, படையாச்சி என்று சாதியையே வங்கிக் காசோலையில் கையெழுத்தாகப் போடும் ஊர் இது, போடுகிறவருக்கு அர்த்தம் தெரியாமல். இதில் புதிதாக மறைக்க என்ன இருக்கிறது?

கேள்வி: எச்சிலை அனுப்பி மரபணுச் சோதனை செய்தால் எங்கள் பூர்வீக ஊர் எது என்று தெரிந்துவிடுமா?
– வெருலம் வாசகர்

பதில்: தெரியாது. எச்சிலில் ஜில்லா எழுதியிருக்காது. அதே நிறுவனத்தில் உங்கள் தூரத்து உறவினர் யாராவது சோதனை செய்திருந்தால் அவரைக் காட்டும். ஊரை அவர் சொன்னால்தான் உண்டு. அந்தப் பணத்துக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் பலமுறை போய்வரலாம். தாத்தாவின் இறப்பு அறிவிப்புத் தாளில் அவருடைய பெற்றோர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு.

கேள்வி: எனக்கு 74 வயது. பேரன் குடும்ப வரலாற்றைக் கணினியில் ஏற்றப் போவதாகச் சொல்கிறான். பைத்தானில் எழுதுகிறானாம், பாம்பா என்று கேட்டேன், சிரித்தான். எனக்குக் கணினி தெரியாது. அவனுக்கு நான் என்ன கொடுப்பது?
– உம்சின்டோ வாசகி

பதில்: அக்கா, பெட்டியில் இருக்கும் தாள்களை அவனே பார்த்துக்கொள்வான். புகைப்படங்களின் முதுகில் மட்டும் பென்சிலால் பெயர் எழுதிக் கொடுங்கள். பேனா வேண்டாம், முன்பக்கத்தில் ஊறும்.

எந்தக் காப்பகத்திலும் இல்லாதது உங்களிடம் ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் யாரை என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள்? அது போதும். பக்கத்து பாரக்ஸில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த ஒருவரை மாமா என்றீர்களா, சித்தப்பா என்றீர்களா? ஆங்கிலத்தில் இரண்டும் அங்கிள். பேரனுக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களுக்கு அப்படியா? மாமா என்றால் அவர் பிள்ளையை உங்களுக்குக் கட்டிக்கொடுத்திருக்கலாம், சித்தப்பா என்றால் அவர் பிள்ளை உங்களுக்கு அண்ணன். அந்த ஒரு சொல்லில் இரண்டு தலைமுறைக் கல்யாணம் ஒளிந்திருக்கும். என் தாயார் ஒரு கிழவியை அத்தை என்றே கூப்பிட்டு வந்தாள். உறவு ஒன்றும் இல்லை, ஒரே கப்பலில் வந்த குடும்பம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அத்தை என்ற சொல்லை நம்பித் தேடியபோது தாத்தாவின் ஒன்றுவிட்ட தங்கையாக அகப்பட்டாள்.

பேரனை ஒலிப்பதிவு செய்யச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் மறந்துபோகும். பழைய கல்யாணப் படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு அவன் பேசாமல் உட்கார வேண்டும். தமிழிலேயே பேசுங்கள், அவனுக்குப் புரியாவிட்டாலும். பிறகு யாராவது எழுதிக் கொடுப்போம்.

இன்னொன்று. இந்தப் பக்கத்தின் முதல் கேள்வியை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். டோங்காட் தம்பி எழுதுவதும் அதே பாம்பில்தான். அவர் சம்மதம் கேட்டு முகவரியை ஆசிரியரிடம் வைத்திருக்கிறேன். உங்கள் பேரன் எழுதும்போது அழைப்பிதழ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்களை ஏற்றும்போது கணினி எந்த இடத்தில் மறுத்தது என்று ஆறு வரி போதும்.